கடல் கடந்த கையொப்பம்: பத்திர அத்தாட்சியின் வரலாறு

ஓரிடத்தில் செல்லும் கையெழுத்து எல்லா இடத்திலும் செல்லுவதில்லை. தைப்பிங் நகரில் பிறப்பைப் பதிவு செய்யும் அதிகாரியின் ஒப்பத்தை அங்குள்ள பள்ளியும் வங்கியும் மருத்துவமனையும் தடையின்றி ஏற்றுக்கொள்கின்றன. அதே தாளைப் புதுக்கோட்டையில் ஒரு சார்பதிவாளர் முன் வைத்தால், ‘இந்த ஒப்பம் யாருடையது? இவருக்கு இந்த முத்திரையை இட உரிமை உண்டா?’ என்று அவர் கேட்பார். அவர் கேட்பதில் தவறில்லை. அவர் அறியாத கை, அறியாத முத்திரை, அறியாத நாடு. இந்த ஐயத்தைத் தீர்ப்பதற்கென்றே உலக நாடுகள் பல நூற்றாண்டுகளாக ஒரு முறையை வளர்த்து வந்துள்ளன. ஒரு நாட்டுப் பத்திரத்தை மற்றொரு நாடு நம்பும்படி செய்யும் அம்முறையைப் பத்திர அத்தாட்சி எனலாம்.

கடல் கடந்து வந்த மக்களாகிய நமக்கு இஃது ஏட்டளவில் நிற்கும் செய்தியன்று. பாட்டன் நிலத்தில் பங்கு கேட்பதாயினும், பிள்ளையை மேற்படிப்புக்கு அனுப்புவதாயினும், அயல்நாட்டு மணமகனுக்குப் பெண் கொடுப்பதாயினும், வாணிகத்தில் ஒருவரைத் தமக்காகக் கையொப்பமிட அமர்த்துவதாயினும், எல்லாம் தாளின் வழியே நடைபெறுகின்றன. இந்த அத்தாட்சி முறை எங்கிருந்து வந்தது? அஃது எதனை உறுதி செய்கிறது? எதனை உறுதி செய்வதில்லை? இம்மூன்று வினாக்களுக்கும் விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம். மூன்றாம் வினாவின் விடை நம் பள்ளி அலுவலறையின் வாயில் வரை வந்து நிற்பதால், ஆசிரியர்கள் இதனை அறிந்திருத்தல் பெரிதும் வேண்டப்படுவதாகும்.

ஒப்பமும் தற்குறியும்

தமிழில் இத்துறைக்குரிய சொற்கள் புதியவை அல்ல. சாட்சி என்று இன்று வழங்கும் வடசொல்லுக்கு முன்னரே ‘கரி’ என்ற சொல் அப்பொருளில் வழங்கியது. சான்று, சான்றோர், சான்றாண்மை ஆகியவை ஒரு வேரில் பிறந்தவை. நிறைந்த பண்புடையவரின் சொல்லே நம்பத்தக்க சாட்சி என்னும் கருத்து அவற்றில் அடங்கியிருக்கிறது. ‘ஒப்பம்’ என்னும் சொல்லையும் எண்ணிப் பார்க்க வேண்டும். ஒன்றோடு ஒன்றை ஒப்பு நோக்குவதற்கு இடந்தருவது ஒப்பம். ஒருவன் முன்பு எழுதியதையும் இப்போது எழுதியதையும் ஒப்பிட்டுப் பார்க்க முடியும் என்பதனாலேதான் கையொப்பத்திற்கு மதிப்பு உண்டாயிற்று.

எழுதத் தெரியாதவர் தம் பெயருக்கு மாறாக இட்ட குறி ‘தற்குறி’ எனப்பட்டது. தன் குறி என்பது அதன் நேர்ப்பொருள். அவ்வாறு குறியிட்டவர் இன்னார் என்று எழுத்தறிந்த ஒருவர் அருகில் எழுதிச் சான்று கூறுவது வழக்கம். பிற்காலத்தில் இச்சொல் எழுத்தறியாதவனை இகழும் சொல்லாகத் தாழ்ந்துவிட்டது. ஆயினும், எழுத்தறியாதவனும் உரிமையுள்ள மனிதன், அவனுடைய குறிக்கும் சட்டத்தில் இடமுண்டு என்ற உயர்ந்த எண்ணத்தில் பிறந்த சொல் அது என்பதை மாணவர்க்கு எடுத்துச் சொல்லலாம்.

திருவெண்ணெய்நல்லூர் வழக்கு

பத்திரத்தைச் சோதிக்கும் முறை நம் இலக்கியத்தில் எவ்வளவு தெளிவாகப் பதிவாகியுள்ளது என்பதற்குப் பெரிய புராணத்தில் வரும் தடுத்தாட்கொண்ட புராணம் சிறந்த சான்று. திருமணக் கோலத்தில் இருந்த நம்பியாரூரரை, ‘நீ எனக்கு அடிமை’ என்று ஒரு முதியவர் வந்து தடுக்கிறார். அடிமையோலையைக் காட்டுகிறார். நம்பியாரூரர் அதைப் பறித்துக் கிழித்து விடுகிறார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர் அவைக்குச் செல்கிறது.

அங்கு நடப்பதைச் சமயக் கண்ணோடு பார்ப்பதோடு, பத்திரத் துறைக் கண்ணோடும் பார்க்கலாம். கிழிக்கப்பட்டது படியோலை, மூலவோலை தம்மிடம் இருக்கிறது என்கிறார் முதியவர். மூலவோலை அவையில் வைக்கப்படுகிறது. நம்பியாரூரரின் பாட்டனார் எழுதித் தந்த ஓலை அது. அதில் சாட்சிக் கையெழுத்திட்டவர்களின் ஒப்பங்கள் ஆராயப்படுகின்றன. அவையினர் அதனோடு நின்றுவிடவில்லை. அப்பாட்டனார் முன்பு எழுதி, காப்பில் வைக்கப்பெற்றிருந்த வேறோர் ஓலையை வருவித்து, இரண்டு எழுத்தையும் ஒப்பு நோக்குகின்றனர். எழுத்து ஒத்திருக்கக் கண்ட பின்னரே தீர்ப்புக் கூறுகின்றனர்.

மூலமும் படியும் வேறென்று அறிதல், சாட்சிகளின் ஒப்பத்தை ஆராய்தல், காப்பகத்தில் உள்ள ஐயமற்ற எழுத்தோடு ஒப்பிடுதல் ஆகிய மூன்றும் இன்றைய பத்திர அத்தாட்சிக்கும் அடிப்படைகளாக விளங்குகின்றன. நூலாசிரியர் சேக்கிழார் 12 ஆம் நூற்றாண்டினர். சோழ அரசில் உயர் பதவி வகித்தவர் என்பது மரபு. தம் காலத்து அவைகளில் நடந்த முறையையே அவர் கதைக்குள் வைத்திருக்க வேண்டும் என்று கொள்ளுதல் பொருந்தும்.

எனினும் திருவெண்ணெய்நல்லூர் அவைக்கு ஒரு வசதி இருந்தது. ஒப்பு நோக்க வேண்டிய பழைய ஓலை அதே நாட்டில், எட்டும் தொலைவில் இருந்தது. அந்த ஓலை கடலுக்கு அப்பால் இருந்தால் என்ன செய்வது? இங்கேதான் நம் வரலாறு தொடங்குகிறது.

கடாரத்து மன்னனும் ஆனைமங்கலமும்

நாம் வாழும் மண்ணோடு தொடர்புடைய ஒரு பழம் பத்திரம் உண்டு. கடாரத்தை உள்ளடக்கிய ஸ்ரீவிஜயப் பேரரசின் மன்னர் குடும்பத்தார் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் என்னும் பௌத்தப் பள்ளியை எழுப்பினர். அப்பள்ளிக்கு ஆனைமங்கலம் என்னும் ஊரின் வருவாயை முதலாம் இராசராச சோழன் தன் 21 ஆம் ஆட்சியாண்டில் வழங்கினான். அந்தச் செய்தியைக் கூறும் செப்பேடுகள் 21. அவற்றுள் 5 ஏடுகள் வடமொழியிலும் 16 ஏடுகள் தமிழிலும் அமைந்தவை. பிற்காலத்தில் ஆலந்து நாட்டின் லெய்டன் நகரைச் சென்று அடைந்தமையால் லெய்டன் செப்பேடுகள் என்றும் பெயர் பெற்றன.

அந்த ஆணை செப்பேட்டில் ஏறுவதற்கு முன் கடந்து வந்த வழி கவனிக்கத்தக்கது. மன்னன் வாய்மொழியாகப் பணித்ததைத் திருமந்திர ஓலை எழுதுவோர் எழுதினர். ஓலை நாயகங்கள் பார்த்து ஒப்பமிட்டனர். வரித்துறை அதிகாரிகள் தம் கணக்கில் பதிந்தனர். பின்னர் ஆணை நாட்டாருக்குச் சென்றது. நாட்டார் பெண் யானையைச் சூழ நடத்தி ஊரெல்லையை வரையறுத்தனர். அதன் பின் அறவோலை எழுதி, உரியவர்கள் கையெழுத்திட்டனர். இராசராசன் மகன் இராசேந்திரன் காலத்தில் அது செப்பேட்டில் நிலைபெற்றது. செப்பேடுகளைக் கோத்த வளையத்தில் சோழ முத்திரை பொறிக்கப்பட்டது.

சுமார் எண்பத்தைந்து ஆண்டுகள் கழித்து, 1090 ஆம் ஆண்டளவில், முதலாம் குலோத்துங்கன் காலத்தில் கிடாரத்து அரசனின் தூதர்கள் இருவர் வந்து அப்பள்ளியின் உரிமைகளைக் குறித்து மீண்டும் சாசனம் வேண்டிப் பெற்றனர். மூன்று ஏடுகளில் அமைந்த சிறிய லெய்டன் செப்பேடு அச்செய்தியைக் கூறுகிறது.

ஓர் அயல்நாட்டு மன்னன் தமிழகத்தில் நிறுவிய அறத்திற்கு உரிமை நிலைக்க, ஒருவர் ஒப்பத்தின் மேல் மற்றவர் ஒப்பம், அதன் மேல் அரச முத்திரை என்று ஒரு சங்கிலி தேவைப்பட்டது. அந்தச் சங்கிலியைத்தான் இன்றைய அலுவலகங்களும் வேறு பெயர்களில் கோத்துக்கொண்டிருக்கின்றன.

நோட்டரி என்பவர் யார்?

மேலை நாட்டில் இப்பணி ‘நோட்டரி’ என்னும் அலுவலரிடம் வளர்ந்தது. உரோமர் காலத்தில் பிறர் பேச்சைக் குறிப்பெடுப்பவர் ‘நொத்தாரியுஸ்’ எனப்பட்டார். இடைக்கால இத்தாலியின் துறைமுக நகரங்களில் வாணிகம் தழைத்தபோது, உடன்படிக்கைகளை எழுதிப் பதிந்து காக்கும் பொது நம்பிக்கைக்குரிய அலுவலராக அவர் உயர்ந்தார். ஜெனோவா நகரத்து நோட்டரி ஜியொவான்னி ஸ்கிரிபா 1154 முதல் 1164 வரை எழுதிய பதிவேடு இன்றும் உள்ளது. அவ்வகையில் எஞ்சியிருப்பவற்றுள் மிகப் பழையது அதுவே என்பர்.

இங்கிலாந்தில் நோட்டரிகளை அமர்த்தும் உரிமை முதலில் போப்பாண்டவரிடமிருந்து வந்தது. எட்டாம் ஹென்றி மன்னர் உரோமத் திருச்சபையோடு உறவை முறித்தபோது, 1533 ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வுரிமையைக் காண்டர்பரி பேராயருக்கு மாற்றியது. இலங்கையர் வழங்கும் ‘நொத்தாரிசு’ என்னும் சொல்லும் இந்த உரோமச் சொல்லின் வழிவந்ததே.

1807 ஆம் ஆண்டு அரச சாசனத்தின்படி பினாங்கில் நீதிமன்றம் ஏற்பட்டதிலிருந்து ஆங்கிலச் சட்டமுறை இந்நாட்டில் வேரூன்றியது. நோட்டரி முறையும் அதன் வழியே வந்தது. விடுதலைக்குப் பின் ஒவ்வொரு நாடும் தனக்கெனச் சட்டம் இயற்றிக்கொண்டது. இந்தியாவில் 1952 ஆம் ஆண்டிலும் மலாயாவில் 1959 ஆம் ஆண்டிலும் நோட்டரிச் சட்டங்கள் வந்தன. மலேசியாவில் நோட்டரியாக அமர்த்தப்படுபவர் பயின்ற வழக்கறிஞராக இருத்தல் வேண்டும்.

சத்தியப் பிரமாண ஆணையரையும் நோட்டரியையும் பலர் ஒருவராகவே எண்ணுகின்றனர். உள்நாட்டு நீதிமன்றங்களுக்கும் அலுவலகங்களுக்கும் உரிய பிரமாணங்களை எடுப்பிப்பது ஆணையரின் பணி. கடல் கடந்து செல்லும் பத்திரத்திற்குப் பொதுவாக நோட்டரியின் முத்திரையே வேண்டப்படும். வேறுபாடு அறியாமல் ஒருவரிடம் செல்லவேண்டியதற்கு மற்றவரிடம் சென்று, பணமும் நாளும் இழந்தவர் உண்டு.

சங்கிலியின் கண்ணிகள்

நோட்டரியின் முத்திரை கிடைத்துவிட்டால் பத்திரம் கடல் கடந்துவிடுமா? அயல்நாட்டு அதிகாரி அந்த நோட்டரியையும் அறியார். ஆகவே நோட்டரியின் ஒப்பம் மெய்யானதே என்று அவர் நாட்டு அரசாங்கத்தின் ஓர் அலுவலகம் சான்று கூற வேண்டும். பெரும்பாலும் இறுதியில் வெளியுறவு அமைச்சு அதனைச் செய்யும். அந்த அமைச்சு அதிகாரியின் ஒப்பத்தைப் பத்திரம் செல்லவேண்டிய நாட்டின் தூதரகம் அறியும். தூதரகம் தன் முத்திரையை இடும். அந்த முத்திரையைத் தூதரகத்தின் தாய்நாடு அறியும்.

இவ்வாறு ஒவ்வொருவரும் தமக்கு முன் ஒப்பமிட்டவரை மட்டும் அறிந்து சான்று தருகின்றனர். மூன்றாம் அதிகாரி முதல் தாளில் எழுதியிருப்பதைப் படித்து அது சரியா என்று ஆராய்வதில்லை. அது அவர் வேலையும் அன்று. இந்த உண்மையை மறவாமல் நினைவில் வைக்க வேண்டும். பின்னர் மிகவும் பயன்படும்.

நம்மவர் கொண்டுவந்த தாள்கள்

வங்கக் கடலைக் கடந்து வந்த தமிழர் இருவகையினர். ஒரு சாரார் வாணிகர்; மற்றொரு சாரார் தொழிலாளர். இருவருக்கும் தாளோடு இருந்த உறவு வேறு வேறானது.

நகரத்தார் இத்துறையில் கைதேர்ந்தவர்கள். முதலாளி செட்டிநாட்டில் இருப்பார். பினாங்கிலோ சிங்கப்பூரிலோ இரங்கூனிலோ உள்ள கிட்டங்கியில் ஏஜெண்டு அமர்ந்து வட்டிக்கடையை நடத்துவார். ஏஜெண்டின் பணிக்காலம் வழக்கமாக மூன்றாண்டு. முதலாளிக்காகக் கடன் கொடுக்கவும் ஈடு வாங்கவும் வழக்குத் தொடுக்கவும் அவருக்கு உரிமை தருவது அதிகாரப் பத்திரம். ‘பவர் பத்திரம்’ என்று பேச்சு வழக்கில் சொல்வர். ஊரில் எழுதிய அந்தத் தாளை இங்குள்ள நீதிமன்றம் ஏற்க வேண்டுமானால் ஒப்பம் மெய்ப்பிக்கப்பட்டிருக்க வேண்டும். 1949 ஆம் ஆண்டின் அதிகாரப் பத்திரச் சட்டம், யார் முன்னிலையில் அத்தகைய பத்திரம் ஒப்பமிடப்பட வேண்டும் என்று வரையறுத்து, அதனை உயர்நீதிமன்றப் பதிவகத்தில் ஒப்படைக்க வேண்டும் என்றும் விதித்தது. ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் ஊருக்கும் கிட்டங்கிக்கும் இடையே தொடர்பு அற்றபோது, கையில் இருந்த அப்பத்திரமே ஏஜெண்டின் உரிமைக்கு ஆதாரமாக நின்றது.

தொழிலாளியின் கதை வேறு. கங்காணி முறையில் ஆள் சேர்க்கும் கங்காணிக்கு உரிமச்சீட்டு இருந்தது. அவர் சேர்த்த ஆளைக் கிராம முன்சீபு முன் நிறுத்தி, தடையில்லை என்பதற்கு அவருடைய ஒப்பத்தைப் பெற வேண்டியிருந்தது. பின்னர் ஆவடியிலோ நாகப்பட்டினத்திலோ இருந்த முகாமில் பெயர் எழுதப்பட்டது. 1922 ஆம் ஆண்டின் இந்தியக் குடிபெயர்வுச் சட்டம் இம்முறையை ஓரளவு ஒழுங்குபடுத்தியது. 1938 ஆம் ஆண்டில் இந்திய அரசு தொழிலாளர் குடிபெயர்வைத் தடை செய்தது.

இத்தனை தாள்களிலும் தொழிலாளி எழுதியது ஒன்றுமில்லை. எழுதியவர் முன்சீபு, முகாம் எழுத்தர், தோட்டத்துக் கிராணி ஆகியோரே. தொழிலாளி வைத்தது விரல் குறி. அந்த விரல் குறிக்கும் ஒரு வரலாறு உண்டு. 1858 ஆம் ஆண்டில் வங்காளத்து ஜங்கிப்பூரில் வில்லியம் ஹெர்ஷல் என்னும் ஆங்கில அதிகாரி, சாலைக் கப்பி தர உடன்பட்ட இராஜ்யதர் கோனாய் என்பவரிடம் உடன்படிக்கையின் பின்புறம் உள்ளங்கை அச்சை வாங்கினார். ‘இஃது என் ஒப்பம் அன்று’ என்று பின்னர் மறுக்காதிருக்கவே அவ்வாறு செய்தார். 1877 இல் ஹூக்ளி மாவட்டத்தில் பத்திரப் பதிவுக்கும் ஓய்வூதியம் வழங்குவதற்கும் விரல் ரேகையைப் பயன்படுத்தினார். 1897 இல் கல்கத்தாவில் விரல் ரேகைப் பணியகம் ஏற்பட்டது. ஒவ்வொருவர் ரேகையும் தனித்தன்மை உடையது, மாறாதது. ஆகவே ஆளை அடையாளங் காட்டுவதில் கைநாட்டு கையெழுத்தினும் உறுதியானது. ஆனால் தாளில் தன் பெயர் எவ்வாறு எழுதப்பட்டிருக்கிறது என்று பார்க்கும் கண்ணை அது தரவில்லை.

அந்தக் குறையின் விளைவு பின்னர்த் தெரிந்தது. 1948 இல் அவசர காலம் அறிவிக்கப்பட்டபின் அடையாளக் கார்டு வந்தது. அதே ஆண்டு பிப்ரவரி 1 இல் நடைமுறைக்கு வந்த மலாயாக் கூட்டரசு உடன்படிக்கையும், 1957 ஆம் ஆண்டின் அரசியலமைப்பும் குடியுரிமையைப் பிறப்பிடத்தோடும் வசிப்புக் காலத்தோடும் பிணைத்தன. பிறந்ததையும் வாழ்ந்ததையும் தாளால் காட்ட வேண்டிய நிலை ஏற்பட்டது. காடழித்துத் தோட்டம் போட்டவன், தான் இருந்ததற்குத் தாள் தேடி அலைந்தான். 1968 ஆம் ஆண்டின் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம், குடியுரிமை இல்லாதோர்க்கு வேலை உரிமச்சீட்டு வேண்டும் என்று விதித்தபோது, பல்லாயிரம் தமிழர் கப்பலேறித் தாயகம் திரும்ப நேர்ந்தது. அவர்களுள் எத்தனையோ குடும்பங்கள் இரு கரைகளிலும் பிரிந்து நின்றன. இன்றைய பேரப்பிள்ளைகள் உறவை மெய்ப்பிக்கத் தேடும் தாள்கள் பலவும் அக்காலத்தில் எழுதப்பட்டவை. அல்லது எழுதப்படாமல் விடப்பட்டவை.

ஹேக் நகரத்து உடன்படிக்கை

முன்பு சொன்ன நீண்ட சங்கிலி உலகெங்கும் மக்களை வருத்தியது. ஒரு பிறப்புப் பத்திரம் மூன்று நான்கு அலுவலகங்களில் ஏறி இறங்க வேண்டியிருந்தது. அதனைச் சுருக்க வேண்டி, ஆலந்தின் ஹேக் நகரில் 1961 அக்டோபர் 5 இல் ஓர் உடன்படிக்கை உருவாயிற்று. 1965 ஜனவரி 24 இல் அது நடைமுறைக்கு வந்தது.

அதன் கருத்து எளிது. உறுப்பு நாடுகள் ஒவ்வொன்றும் சான்றளிக்கத்தக்க அலுவலகங்களைக் குறித்துத் தெரிவிக்கும். அவ்வலுவலகம் பத்திரத்தின் மீதோ இணைப்புத் தாளிலோ ஒரே வடிவான சான்று ஒன்றை இடும். மற்ற உறுப்பு நாடுகள் அதனை மேற்சான்று கேளாமல் ஏற்கும். தூதரகத்திற்குச் செல்ல வேண்டியதில்லை. இச்சான்றுக்கு ‘அப்போஸ்டில்’ என்று பெயர். ஓரத்தில் எழுதும் குறிப்பு என்னும் பொருளுடைய பழைய பிரெஞ்சுச் சொல் அது.

அதன் வடிவம் நான்கு பக்கமும் குறைந்தது 9 சென்டிமீட்டர் உடைய சதுரம். தலைப்பு பிரெஞ்சு மொழியில் இருத்தல் வேண்டும். உள்ளே 10 எண்ணிட்ட இடங்கள் உள்ளன. எந்த நாடு, ஒப்பமிட்டவர் யார், எந்தப் பதவியில் ஒப்பமிட்டார், யாருடைய முத்திரை உள்ளது, சான்று தந்த இடம், நாள், சான்று தந்தவர், எண், முத்திரை, ஒப்பம் என்பவையே அவை. கொடுத்த ஒவ்வொரு சான்றும் ஏட்டில் பதியப்பட வேண்டும். ஐயம் எழுந்தால் எண்ணைக் கொண்டு கேட்டுத் தெளியலாம். திருவெண்ணெய்நல்லூர் அவையினர் காப்பிலிருந்து பழைய ஓலையை வருவித்தது போல, இங்கு ஒப்பு நோக்குவதற்கு இந்தப் பதிவேடு உதவுகிறது.

தமிழர் வாழும் நாடுகளுள் மொரீசு 1968 இலும், பிஜி 1970 இலும் விடுதலை பெற்ற நாளிலிருந்தே இதில் தொடர்ந்தன. புருணையில் 1987 இல் நடைமுறைக்கு வந்தது. இந்தியாவில் 2005 ஜூலை 14 இலும், சிங்கப்பூரில் 2021 செப்டம்பர் 16 இலும், இந்தோனேசியாவில் 2022 இலும், சீனாவில் 2023 இலும் நடைமுறைக்கு வந்தது. சிங்கப்பூரில் இச்சான்றை வழங்கும் பொறுப்பு சிங்கப்பூர்ச் சட்டக் கழகத்திடம் ஒப்படைக்கப்பட்டது. சிங்கப்பூர் சேர்ந்தபோது மலேசியா உறுப்பு நாடாக இருக்கவில்லை. ஆகவே ஜொகூர்ப் பாலத்தின் ஒரு கரையில் ஒரே சான்று போதுமாயிருக்க, மறுகரையில் வெளியுறவு அமைச்சு, தூதரகம் என்னும் பழைய சங்கிலி வேண்டியிருந்தது. பத்திரம் பிறந்த நாடு, அது செல்லும் நாடு ஆகிய இரண்டும் உறுப்பு நாடுகளாய் இருந்தால்தான் இவ்வெளிய வழி திறக்கும் என்பதை மறத்தலாகாது.

வாணிகப் பத்திரங்களைப் பற்றியும் ஒரு சொல். நோட்டரி முன் ஒப்பமிட்ட அதிகாரப் பத்திரம் அப்போஸ்டில் பெறலாம். வாணிகத்தோடும் சுங்கத்தோடும் நேரடியாகத் தொடர்புடைய அரசு அலுவலகத் தாள்களை ஹேக் உடன்படிக்கை விலக்கி வைத்தது. சரக்கு எந்த நாட்டில் விளைந்தது என்று காட்டும் பிறப்பிடச் சான்றிதழ்கள் தனி மரபைச் சேர்ந்தவை. சுங்க முறைகளை எளிதாக்கிய 1923 ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கையின் காலத்திலிருந்து வணிகர் சங்கங்கள் அச்சான்றிதழ்களை வழங்குவதில் பெரும்பங்கு கொண்டுள்ளன. தூதர்கள் தாமே வழங்கும் பத்திரங்களும் ஹேக் உடன்படிக்கைக்குப் புறம்பானவையே.

சான்று கூறாதது எது?

இப்போது மூன்றாம் வினாவுக்கு வருவோம். அப்போஸ்டில் ஆயினும் பழைய சங்கிலி ஆயினும், அவை உறுதி செய்வது ஒப்பத்தையும் பதவியையும் முத்திரையையும் மட்டுமே. தாளில் எழுதிய செய்தி உண்மை என்று அவை கூறுவதில்லை. பிறப்புப் பத்திரத்தில் தந்தை பெயர் பிழையாக இருந்தால், அந்தப் பிழையும் முத்திரை பெற்றுக் கடல் கடக்கும்.

ஒரு குடும்பத்தை எடுத்துக்காட்டாக எண்ணிப் பார்ப்போம். பாட்டன் பெயர் சுப்பிரமணியன். ஊரில் நிலப் பட்டாவில் அப்பெயரே இருக்கிறது. தோட்டத்துக் கிராணி உரோமன் எழுத்தில் ‘சுப்ரமணியம்’ என்று எழுதினார். பிள்ளையின் பிறப்புப் பத்திரத்தில் தந்தை பெயர் ‘சுப்பையா’ என்று ஏறியது. வீட்டில் அழைத்த பெயர் அதுதான். இங்கே பெயருக்கும் தந்தை பெயருக்கும் இடையே மகன், மகள் என்பதைக் குறிக்கும் எழுத்துகள் நிற்கின்றன. தமிழகத்தில் தந்தையின் பெயர் முன்னெழுத்தாகச் சுருங்குகிறது. வேறு நாட்டுப் படிவங்களோ குடும்பப் பெயர் கேட்கின்றன. பேரன் அத்தனை தாளுக்கும் அத்தாட்சி பெற்றுச் செல்கிறான். ஒவ்வொரு முத்திரையும் மெய்யானது. ஆயினும் மூன்று பெயருக்கும் உரியவர் ஒருவரே என்று எந்த முத்திரையும் சொல்லவில்லை. சார்பதிவாளர் தாள்களைத் திருப்பித் தருகிறார். அவர் மீது சினங்கொள்வதில் பயனில்லை.

இதற்கு மருந்து உண்டு. மலேசியாவில் 1960 ஆம் ஆண்டின் சட்டப்படி உறுதிமொழிப் பத்திரம் செய்து, ‘இப்பெயர்கள் யாவும் ஒருவரையே குறிப்பன’ என்று அறிவிக்கலாம். ஆனால் அத்தகைய உறுதிமொழிக்கு ஆதாரம் வேண்டும். நேரில் அறிந்த முதியோர் பலர் மறைந்துவிட்டனர். அப்போது துணை செய்பவை பழைய பதிவேடுகள். தோட்டத்துச் சம்பளப் பட்டியலும் மருத்துவமனைக் குறிப்பும் கோயில் திருமணப் பதிவும் பள்ளிச் சேர்க்கைப் பதிவேடும் அவ்வகையின. தோட்டங்கள் கைமாறியும் துண்டாடப்பட்டும் போனபோது சம்பளப் பட்டியல்கள் பல அழிந்தன. பல இடங்களில் எஞ்சி நிற்பது தமிழ்ப்பள்ளியின் சேர்க்கைப் பதிவேடு ஒன்றே. ஐம்பது அறுபது ஆண்டுகளுக்கு முன் படித்தவரின் பேரப்பிள்ளைகள் பள்ளிக்கு வந்து, ‘எங்கள் பாட்டியின் பெயரும் அவர் தந்தை பெயரும் எப்படி எழுதியிருக்கிறது, பார்த்துச் சொல்லுங்கள் ஐயா’ என்று கேட்பது எம்போன்ற தலைமையாசிரியர்க்குப் புதிதன்று. பழுப்பேறிய அந்த ஏட்டில் பெயர் தமிழிலும் உரோமனிலும் தெளிவாக இருந்தால், அவர்கள் முகம் மலர்வதைக் காணலாம். கரையான் அரித்திருந்தால் சொல்ல நமக்கு வாய் வருவதில்லை.

ஆசிரியர் செய்யத்தக்கன

சங்கிலி எவ்வளவு நீண்டாலும் அதன் முதற்கண்ணி ஒருவர் ஒரு பெயரை ஏட்டில் எழுதும் அந்தக் கணமே. பதிவலுவலகத்து மேசை நம் கையில் இல்லை. பள்ளி மேசை நம் கையில் இருக்கிறது. ஆகவே சிலவற்றை நாம் செய்யலாம்.

முதலாம் ஆண்டுச் சேர்க்கையின்போது பிள்ளையின் பெயரைப் பிறப்புப் பத்திரத்தில் உள்ளவாறே எழுத்தெழுத்தாகப் பார்த்து எழுத வேண்டும். தமிழ் வடிவத்தையும் அருகில் எழுதி வைத்தல் நன்று. பத்திரத்தில் பிழை கண்டால், பெற்றோரை அழைத்து, பிள்ளை சிறியவனாய் இருக்கும்போதே பதிவலுவலகத்தில் திருத்தம் கேட்கச் சொல்ல வேண்டும். காலம் செல்லச் செல்ல ஆதாரம் குறையும். பத்திரமே இல்லாத பிள்ளை வந்தால் அதனை மறைத்து வைக்காமல் உடனே வழிகாட்ட வேண்டும். பள்ளி விடுகைச் சான்றிதழில் ஒப்பமிடும் தலைமையாசிரியர் பெயரையும் பதவியையும் தெளிவாக எழுதுதல் வேண்டும். நாளை அந்த ஒப்பத்தை அறியாத ஒருவர் அதை ஆராய நேரும். பழைய சேர்க்கைப் பதிவேடுகளை ஈரமும் கரையானும் அணுகாத இடத்தில் காத்து, படமெடுத்தும் வைக்க வேண்டும்.

மேல் வகுப்பு மாணவர்க்குத் தம் பாட்டன் பாட்டி பெயர், ஊர், வட்டம் ஆகியவற்றை வீட்டில் கேட்டு எழுதி வரச் சொல்லுவது நல்லதொரு கட்டுரைப் பயிற்சி. மொழிப் பயிற்சியும் ஆயிற்று. குடும்பத்திற்கு ஓர் ஆதாரமும் ஆயிற்று.

ஆனைமங்கலத்து ஆணை ஆயிரம் ஆண்டு கடந்தும் படிக்கப்படுகிறது என்றால், அதன் மேலிட்ட முத்திரை மட்டும் அதற்குக் காரணமன்று. முதலில் ஓலை எழுதியவன் ஊரின் பெயரையும் எல்லையையும் பிழையின்றி எழுதினான். வரிக்கணக்கர் அதனைச் சரியாகப் பதிந்தார். முத்திரை அதன் பின் வந்தது. தோட்டப் பள்ளியின் ஏட்டில் ஒரு பிள்ளையின் பெயரை எழுதும் ஆசிரியர் அந்த ஓலை எழுத்தரின் வரிசையில் வருபவர். அந்தப் பெயர் ஒரு நாள் எந்தக் கடலைக் கடக்கும் என்பது எழுதும்போது தெரிவதில்லை. ஆகையால் ஒவ்வொரு பெயரையும் கடல் கடக்கும் பெயராகவே எண்ணி எழுதுவோமாக.